சிதம்பரம் கச்சேரியும் மூன்று ஃபியூஸ் கட்டைகளும்

என் கணவர் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியன். கல்யாணமாகிப் பதினோரு வருடமாகிறது. நாங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரான பரங்கிப்பேட்டையில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேச மாட்டார்கள். பாதி வீடுகளில் ஆண்கள் சபரில்தான் இருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு எங்கள் பக்கம் சொல்கிற பேர் அது. மகளின் படிப்புக்காக நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அங்கேயே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன்.

அவருக்கு ராக் பாட்டு பழக்கியது அவருடைய கேம்ப் அறையில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர். சாதாரண ராக் பாட்டு இல்லை. அதில் 'ப்ரோக்ரசிவ்' என்று ஒரு வகை. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் வேகம் மாறும், தாளம் மாறும், பாடுகிறவர் ஐந்து நிமிடத்துக்குக் காணாமல் போய்விடுவார். என் கணவர் முதன்முதலில் எனக்கு ஒன்றை அனுப்பியபோது நாலைந்து பாட்டுகளைத் தெரியாமல் ஒட்டி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"இது ஒரே பாட்டுதான். பொறுமையா கேளு. மொதல்ல வர்ற மெட்டு கடைசியில திரும்ப வரும் பாரு" என்றார் போனில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு என் உம்மாவைப் பார்க்க பஸ்ஸில் பரங்கிப்பேட்டைக்குப் போவேன். மகள் என் மடியில் தூங்கிவிடுவாள். இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். முதல் பத்து தடவை ஒன்றும் பிடிபடவில்லை. அவர் அனுப்பியதால் கேட்டேன். அப்புறம் ஒரு நாள் அந்த மெட்டு திரும்பி வந்தபோது ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நானே தேட ஆரம்பித்தேன்.

அப்படித் தேடியபோதுதான் சென்னையில் இருக்கும் ஒரு இசைக்குழு கிடைத்தது. ஐந்து பேர். தமிழிலேயே பாடினார்கள். அவர்களுடைய ஒரு பாட்டு இருபத்து நான்கு நிமிடம். ஒரு ஆற்றங்கரையோடு கடல்வரைக்கும் நடந்துபோகிற ஒருவனைப் பற்றியது. பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது போட்டால் பி.முட்லூர் வரும்போது முடியும். அதை நான்தான் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் விடிந்ததும் போன் வந்தது.

"இத எங்க புடிச்ச?" என்றார். "எங்க புடிச்ச நீ?" என்று திரும்பவும் கேட்டார்.

அந்தக் குழு சிதம்பரத்தில் வாசிக்க வருகிறது என்று தெரிந்தது அவர் லீவில் வந்த எட்டாவது நாள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அதனால் ஊரில் ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று புறவழிச்சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

"போலாமா?" என்றார்.

"நான் பர்தாவோட அங்க போய் உக்காந்தா எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க, மச்சான்."

"பாட்ட பாக்க வந்தவன் பாட்ட பாப்பான். உன்ன பாக்கறவன பத்தி நமக்கென்ன?"

சனிக்கிழமை பைக்கில் கிளம்பினோம். போகும் வழியில் பரங்கிப்பேட்டைக்குப் போய் மகளை உம்மாவிடம் விட்டோம். உம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"பாட்டு கேக்கவா அவ்ளோ தூரம் போறீங்க? அதான் போன்லயே வருதே?"

"நேர்ல கேட்டா நல்லாயிருக்கும், மாமி" என்றார் அவர். உம்மா என்னைப் பார்த்தார்கள். நான் பர்தாவைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

மண்டபத்தில் இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். மணமக்கள் நாற்காலி போடுகிற மேடையில் டிரம்ஸ் வைத்திருந்தார்கள். பின்னால் சுவரில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய தெர்மோகோல் மயில் ஒன்று பாதி பிய்ந்து நின்றது. முன்வரிசை காலியாகக் கிடந்ததால் அங்கே போய் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"ஓரமா நிக்குதே, அது எம்புள்ள" என்றார் என்னிடம், பஞ்சை எடுக்காமலே சத்தமாக. "மத்தவங்களுக்கெல்லாம் ஆறு கம்பி. இவனுக்கு மட்டும் நாலுதான். கேட்டா, இதுதான் முக்கியம்ங்கறான்."

"முக்கியம்தாம்மா. அது இல்லன்னா மத்தது நிக்காது" என்றார் என் கணவர். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

முதல் பாட்டு ஆரம்பித்தபோதே ஒரு உறுமல் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து ஊம் என்று ஒரே சுரத்தில் வந்துகொண்டேயிருந்தது. பாட்டு சத்தமாக இருக்கும்போது தெரியவில்லை. மெதுவான இடங்களில் பாட்டை அதுதான் தின்றது. இரண்டாவது பாட்டில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சொருகினார். உறுமல் போகவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. இதற்காகவா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மேடையையே பார்க்கவில்லை. சுவரில் ஓடிய ஒயர்களைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டில் பாடகர் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனார். திடீரென்று தலையைப் பின்னால் இழுத்து உதட்டைப் பொத்திக்கொண்டார். பாட்டு நின்றது. பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். பாடகர் சமாளித்துக்கொண்டு, "ஒன்னுமில்ல, மைக்ல லேசா ஷாக்" என்றார்.

என் கணவர் எழுந்துவிட்டார். "எர்த் இல்ல" என்றார் என்னிடம். "நீயும் வா."

ஏன் என்னையும் கூப்பிட்டார் என்று அப்போது புரியவில்லை. அவர் மேடை ஓரமாகப் போய்ப் பாடகரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பாடகர் உடனே கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மண்டபத்தின் பக்கவாட்டில் மெயின் சுவிட்ச் இருந்த சின்ன அறைக்குப் போனோம். மண்டப மேனேஜரும் பின்னாலேயே வந்தார்.

"இன்னா சார், எத்தினி கல்யாணம் நடந்திருக்கு, இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. லேசாத்தான் இருக்கும். நீங்களே தொட்டுப் பாருங்களேன்."

என் கணவர் அவரைத் திரும்பிப் பார்க்காமல், "ஒரு தடவ தொட்டாச்சு. போதும்" என்றார்.

எனக்கு அந்தச் சொல் எங்கோ போய்க் குத்தியது. ஆனால் கேட்பதற்கு நேரமில்லை. அவர் பைக் சாவிக்கொத்தில் மாட்டியிருந்த டெஸ்டரை எடுத்தார். அதைச் சாவிக்கொத்தில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. பதினோரு வருடத்தில் என் கணவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை என்பது அந்த இடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. வீட்டில் ட்யூப்லைட் மாட்டுவார். அது வேலையா? இங்கே அவருடைய குரலே வேறாக இருந்தது. தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத குரல். ஆனால் அவர் சொன்னதை எல்லாரும் செய்தார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் டார்ச் பிடித்தார். டிரம்ஸ் வாசிக்கிற பெண் ஸ்பானர் தேடி வேன் டிரைவரிடம் ஓடினாள்.

"எர்த் பைப் எங்க?"

"பின்னால, சமையக்கட்டு தாண்டி" என்றார் மேனேஜர்.

மெயினை இறக்கினார். மண்டபம் முழுக்க இருட்டாகி 'ஓ' என்று சத்தம் எழுந்தது. மேல்ஜன்னல் வழியாக மட்டும் மாலை வெளிச்சம் கொஞ்சம் வந்தது. அவர் பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள். மூன்றையும் என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இத நீ வச்சுக்க. நான் வந்து கேக்கறவரைக்கும் யார்கிட்டயும் குடுக்காத. யார் வந்து கேட்டாலும். சரியா?"

"சரி" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் அந்த அறை வாசலில் நின்றேன். கட்டைகள் சூடாக இருந்தன. பீங்கானில் பழைய தூசி பிசுபிசுத்தது. இவ்வளவு நேரமும் இந்த மண்டபத்து விளக்கையும் விசிறியையும் ஓட்டியது இவற்றின் வழியாகப் போன கரண்ட். இப்போது என் கையில் இருக்கிறது. இதை நான் யாரிடமாவது கொடுத்து, அவர்கள் சொருகிவிட்டால், அங்கே அவர் கை வைத்திருக்கும் இடத்தில்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. மூன்றையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் திரும்பி வந்தார். "அந்த கட்டையெல்லாம் குடுங்கம்மா. மாடி ரூம்ல நாளைக்கு முகூர்த்தத்துக்கு வந்தவங்க இருக்காங்க. ஏசி நின்னுபோச்சுன்னு கத்தறாங்க."

"அவுங்க வந்துடட்டும்."

"இது எங்க மண்டபம்மா. எங்க பீஸ் கட்டைய நீங்க வச்சுகிட்டு தரமாட்டேன்னா எப்பிடி?"

"அவுங்க வந்து கேட்டாத்தான் தருவேன்."

கட்டைகளை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டுச் சண்டை போடுகிறவர்களிடம் தினமும் பேசுகிறவள்தான் நான். ஆனால் இது வேறு. மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது பட்டுப் புடவை சரசரக்க அந்த அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். பஞ்சை எடுத்துவிட்டிருந்தார்.

"இன்னாப்பா அவசரம்? இந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு அங்க கம்பியப் புடிச்சுகிட்டு இருக்காரு. எம்புள்ளையும் அங்கதான் நிக்கறான். பத்து நிமிஷம் வேர்த்தா ஒன்னும் கொறஞ்சிட மாட்டாங்க."

மேனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அந்த அம்மா போகவில்லை. என் முழங்கையைப் பிடித்தபடியே நின்றார்.

பின்னால் நடந்ததைப் பிறகு பேஸ் வாசிக்கிறவர் சொன்னார். எர்த் பைப்பில் இருந்த கிளாம்ப் துருப்பிடித்து, ஒயர் தனியாகத் தொங்கியிருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கி, காய்ந்து கிடந்த குழியில் உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் என் கணவர். சமையல்கட்டு வாளிகளில் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பதினேழு வாளியாம். அதற்குப் பிறகு மேடைக்கு வந்து, ஆளுக்கொரு பக்கமாக எடுத்திருந்த கரண்டை ஒரே இடத்திலிருந்து எடுக்கும்படி மாற்றியிருக்கிறார்.

முழங்கால்வரை சேறோடு அவர் வந்து நின்றார். கையை நீட்டினார்.

"குடு."

கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சொருகினார். மெயினைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. மேடையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மைக்கிலும் கிட்டாரிலும் மாறி மாறி. பிறகு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். நாங்கள் எல்லாரும் காதைச் சாய்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததற்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டிருந்தது. பாடகர் ஆரம்பிக்கத் தயாரானபோது, "நீங்க ஆரம்பிங்க தம்பி, நான் தொழுதுட்டு வந்துடறேன்" என்றார் இவர்.

"பரவாயில்லண்ணா, நீங்க வாங்க. இருக்கோம்" என்றார் பாடகர்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். தரை ஈரமாகக் கிடந்தது. மேனேஜர் தானாகவே வந்து, பந்தியில் மேசைமேல் விரிக்கிற காகித உருளையிலிருந்து நீளமாகக் கிழித்து இரண்டாக மடித்து விரித்துக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதம்மா" என்றார். என் கணவர் முன்னால் நின்று தொழ, நான் பின்னால் நின்று தொழுதேன். பக்கத்துக் கூடத்தில் அத்தனை பேரும் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடும்.

நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாடகர் மைக்கில் சொன்னார்: "இந்தப் பாட்டு நம்ம கரண்ட்டண்ணனுக்கும், பீஸ் கட்டைக்கு காவல் நின்ன அக்காவுக்கும்."

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. அந்த இருபத்து நான்கு நிமிடப் பாட்டு ஆரம்பித்தது.

கீபோர்டில் மட்டும் நாலு சுரம். ஒவ்வொரு வாரமும் பஸ் சத்தத்துக்கு நடுவே கேட்ட அதே நாலு சுரம். இப்போது அதன் அடியில் எதுவும் இல்லாமல் தனியாக வந்தது. பிறகு டிரம்ஸ் பெண் ஏழு ஏழாக எண்ணும் அந்தத் தாளத்தை எடுத்தாள். நான் அதை எப்போதும் ஏழாக எண்ணியே முடித்ததில்லை. எங்கேயாவது விட்டுவிடுவேன். என் கணவர் யாருக்கும் தெரியாமல் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டிக் காட்டினார். நாலு, அப்புறம் மூன்று. நாலு, மூன்று. அவர் விரல் நகத்தில் சேறு காயாமல் இருந்தது. அப்போதுதான் அந்தத் தாளம் எனக்குள் வந்து உட்கார்ந்தது.

பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். எட்டு ஒன்பது விநாடி இருக்கும். போனில் கேட்கும்போது நெட் போய்விட்டது என்று ஒவ்வொரு முறையும் திரையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த விநாடிகளில் ஐந்து பேரும் கையைத் தூக்கியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்து அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேஸ் கிட்டாரில் ஒரே ஒரு சுரம், தரையிலிருந்து காலுக்குள் ஏறியது.

"இவன்தான், இவன்தான்" என்றார் அந்த அம்மா என் தொடையைத் தட்டி.

கடைசியில் முதல் மெட்டு திரும்பி வந்தபோது நான் அழுதேன். கூச்சப்படவில்லை. இத்தனை வருடம் அவர் ஒரு தேசத்திலும் நான் ஒரு பஸ்ஸிலுமாகத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஒரே நேரத்தில் அது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கையை விடவும் இல்லை.

எட்டு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. புறவழிச்சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ வந்ததும் கேட்டேன்.

"ஒரு தடவ தொட்டாச்சுன்னீங்களே. எப்ப?"

அவர் டீயை ஊதினார். வலது முன்கையில் சட்டைக்கை மடிப்புக்குக் கீழே சுருங்கிய தோலாக ஒரு தழும்பு உண்டு. போன வருடம் லீவில் வந்தபோது கேட்டதற்கு, கேம்பில் சமைக்கும்போது எண்ணெய் தெறித்தது என்றார். இப்போது அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கரண்ட் பேனல்ல வேல. மெயின் ஆஃப்னு சொன்னாங்க. ஒருத்தன் தெரியாம போட்டுட்டான். மூனு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"மூனு நாள் நெட் இல்லன்னு சொன்னீங்களே, அப்பவா?"

தலையாட்டினார்.

அந்த மூன்று நாளும் எனக்கு நினைவிருந்தது. இரண்டாவது நாள், எங்களையெல்லாம் மறந்துவிட்டீர்களா என்று கோபமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். வேண்டுமென்றே மூன்றாவது நாள் எதுவும் அனுப்பவில்லை. அதைச் சொல்லி அழுதேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்க்காததுபோல் திரும்பி நின்று டம்ளர் கழுவினார்.

"ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? இங்கேந்து பயப்பட மட்டும்தான் முடியும்." டீயில் ஒரு வாய் குடித்தார். பிறகு, "அந்த வாய்ஸ் மெசேஜ ஆஸ்பத்திரில எத்தனை தடவ போட்டேன் தெரியுமா?" என்றார். "மலையாளி நர்ஸ் வந்து, யாரு உன்ன இப்பிடி திட்டறாங்கன்னு கேட்டாங்க. எங்க வூட்ல, நல்லா கேளுங்கன்னேன்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை.

"பயப்படறது என் வேல. அத செய்யக்கூட விடமாட்டீங்களா?" என்றேன். "இனிமே எதுன்னாலும் அன்னிக்கே சொல்லணும். இன்னிக்கி அந்தக் கட்டைய எங்கிட்ட குடுத்தீங்க இல்ல? அந்த மாதிரி."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத வேற யார்கிட்ட குடுப்பேன்?" என்றார்.

பரங்கிப்பேட்டை போய்ச் சேரும்போது மகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் பேன்ட் ஏன் சேறாக இருக்கிறது என்று கேட்டாள். உம்மாவோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டு கேக்கப் போனியா, மௌத்து வூட்டுக்கு அழப் போனியா?" என்றார்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பிப் போனார். இந்த வருடம் பேனல் வேலையை விட்டுவிட்டு, குடியிருப்புக் கட்டடங்களைப் பராமரிக்கிற பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் போனில் அன்றைக்கு என்ன செய்தார் என்று சொல்கிறார். எனக்கு இப்போது ரிலே என்றால் என்ன, எம்சிபி ஏன் விழுகிறது என்பதெல்லாம் தெரியும். நேற்று ஒரு லிஃப்ட் மோட்டாரைக் கழற்றும்போது விரலில் கீறிக்கொண்டதாகச் சொன்னார்.

"காட்டுங்க" என்றேன்.

வீடியோவைப் போட்டு விரலைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சின்னக் கீறல்தான். மருந்து போடச் சொன்னேன். எந்த மருந்து என்றும் சொன்னேன்.